அனுப்புநர் என்ற வரி

அப்பாவின் இடது கை ஆள்காட்டி விரலைப் பிடித்துப் பட்டன்மேல் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் ஸ்டிக்கரை வெட்டினேன். கீபோர்டின் மேல் வரிசையில், இடது ஓரத்தில் இருக்கும் மூன்று பட்டன்கள். ஒன்று என்றால் வந்த மெயிலைத் திறக்கும். இரண்டு என்றால் புதிதாக எழுதலாம். மூன்று அனுப்பிவிடும். அடியில் இருக்கும் நீளப் பட்டனை அமுக்கினால் புதிதாக ஏதாவது வந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும். அவ்வளவுதான். அழிப்பதற்குப் பட்டனே கிடையாது, வேண்டுமென்றே எடுத்துவிட்டேன். இரண்டு விரலைச் சேர்த்து அமுக்க வேண்டிய எதையும் விட்டுவைக்கவில்லை. அப்பா கண்ணைச் சுருக்கிக்கொண்டு அந்த மூன்று எண்களையும் பார்த்தார். "லிஃப்ட் மாதிரி இருக்கு," என்றார். பிறகு நீளப் பட்டனைத் தொட்டு, "இது பெல்லா?" என்று கேட்டார். அவர் கேலியாக ஒரு வார்த்தை பேசிப் பல மாதம் ஆகியிருந்தது. "ஆமாப்பா, பெல்லுதான்," என்றேன்.

அவர் சொன்னது இவ்வளவு தெளிவாக வரவில்லை. பக்கவாதம் வலது கையோடு சேர்த்து வாயின் ஒரு பக்கத்தையும் இழுத்துவிட்டது. ஒவ்வொரு சொல்லும் ஈரத் துணியைப் பிழிந்த மாதிரி சொட்டுச் சொட்டாகத்தான் வரும். அந்தக் குழறலை அப்படியே எழுத எனக்கு மனசில்லை. கட்டடங்களின் உச்சியில், மெஷின் ரூமுக்குள், மோட்டார் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தியே காலம் தள்ளிய லிஃப்ட் மெக்கானிக் அவர். அதனால் அவர் பேசியதையெல்லாம் நேராக்கித்தான் எழுதுகிறேன். யாருக்காவது ஆட்சேபம் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

அப்பாவுக்கு மெயில் அனுப்ப வேண்டியிருந்தது ஒரே ஒரு ஆளுக்குத்தான். என் அண்ணனுக்கு. அவனும் லிஃப்ட் மெக்கானிக், அப்பாவிடமே வேலை கற்றவன். நாலு வருஷத்துக்கு முன்னால் ஓர் அலுவலகக் கட்டடத்தில், அவன் சர்வீஸ் செய்துவிட்டு வந்த மறுநாள், லிஃப்ட் நிற்க வேண்டிய மாடியைத் தாண்டிப் போய் நின்றுவிட்டது. உள்ளே ஆள் இருந்தது. யாருக்கும் அடிபடவில்லை. அப்பா போய்ப் பார்த்தார். பிரேக்கை நீ சோதிக்கவே இல்லை என்று அண்ணனைப் பிடித்துக்கொண்டார். சோதித்தேன் என்றான் அவன். காவலாளி, மேனேஜர், கூட வேலை செய்கிறவர்கள் என்று அத்தனை பேரும் சுற்றி நிற்க, "உன்னை நம்பி ஒரு மூட்டை சிமெண்டைக்கூட மேலே அனுப்ப மாட்டேன்டா," என்றார். அண்ணன் கையிலிருந்த ஸ்பேனரைத் தரையில் வைத்துவிட்டுப் போனான். போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை, சத்தமில்லாமல் வைத்தான் என்று அப்பா பிற்பாடு சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார்.

இரண்டு நாள் கழித்து அப்பா அதே லிஃப்டை முழுசாகப் பிரித்துப் பார்த்தார். பிரேக் கச்சிதமாக இருந்தது. தப்பு வேறெங்கோ, கண்ட்ரோல் பெட்டிக்குள் ஒரு ரிலே சுவிட்சில். அன்றைக்கு வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து, "பையன் சரியாத்தான் பண்ணியிருக்கான்," என்று அம்மாவிடம் சொன்னார். "இதை எங்கிட்ட சொல்லி என்னங்க பிரயோஜனம்? அவன்கிட்ட சொல்லுங்க," என்றாள் அம்மா. அதற்குள் அண்ணன் வேறு ஊருக்குப் போய்விட்டான். அப்பா கூப்பிட்டால் போனை எடுக்க மாட்டான். அம்மாவிடம் பேசுவான், என்னிடம் பேசுவான், அப்பா பேச்சு வந்தால் "சரி, வச்சிடறேன்" என்பான். அந்த ஒரு வாக்கியம் அப்பாவின் வாய்க்குள்ளேயே கிடந்தது. அது வெளியே வருவதற்குள் வாயே இழுத்துக்கொண்டது.

நான் போன் போட்டுத் தருகிறேன் என்றேன். இந்தக் குரலை அவன் கேட்கக் கூடாது என்றார். சரி, நீங்கள் சொல்லுங்கள், நான் எழுதுகிறேன் என்றேன். அதற்கு அவர் முறைத்த முறைப்பில் பழைய அப்பா முழுசாக இருந்தார். "நான் சொல்லி நீ எழுதினா அது உன் லெட்டர். தப்பு பண்ணினவன் நான்." மொபைலில் அடித்துப் பார்த்தார். விரல் ஒரு எழுத்தைத் தேடிப் போய் நாலைத் தொட்டது. கம்ப்யூட்டரில் மவுஸ் அதைவிட மோசம். அந்த அம்புக்குறி ஒரு இடத்தில் நிற்காது, எங்கெங்கோ போய் எதையெதையோ திறக்கும். ஒருநாள் என்னத்தையோ திறந்துவிட்டு, யாரோ ஒரு பெண் பாட ஆரம்பிக்க, நிறுத்தத் தெரியாமல் அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அன்றைக்குத்தான் எனக்குப் புத்தி வந்தது.

நான் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிற வேலையில் இருக்கிறேன். நாள் முழுக்கக் கறுப்புத் திரையும் வெள்ளை எழுத்தும்தான். என் சொந்த மெயிலையும் அப்படி ஒரு எழுத்து மட்டுமே உள்ள நிரலில்தான் வருஷக்கணக்காகப் படிக்கிறேன். படம் கிடையாது, விளம்பரம் கிடையாது, மவுஸ் கிடையாது. எந்தப் பட்டன் என்ன செய்ய வேண்டும், திரையில் எது தெரிய வேண்டும், எது தெரியக் கூடாது என்பதெல்லாம் ஒரே ஒரு கோப்பில் வரி வரியாக எழுதி வைத்திருப்பேன். கூட வேலை செய்கிறவர்கள் என்னைக் கற்காலம் என்பார்கள். கற்காலம் என்றைக்காவது கை கொடுக்கும் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தது வாய்ச்சவடால்தான். அது இப்படி நிஜமாகும் என்று நினைக்கவில்லை.

என் கோப்பை அப்படியே நகலெடுத்து அப்பாவுக்குத் தகுந்த மாதிரி மாற்றினேன். எழுத்தைப் பெரிதாக்கினேன். கறுப்பில் மஞ்சள் எழுத்து அவர் கண்ணுக்கு இதமாக இருந்தது. எழுதுகிற திரையின் மேலே யாரிடமிருந்து, யாருக்கு, என்ன தேதி என்று வரிசையாக வருகிற வரிகளைப் பார்த்து அவர் மிரண்டார். எல்லாவற்றையும் மறைத்தேன். இரண்டை அமுக்கினால் வெள்ளைக் காகிதம் மாதிரி ஒரு வெற்றிடம், அண்ணனின் முகவரி தானாகவே உள்ளே போய்விடும். எனக்கே ஒரு சோதனை மெயில் அனுப்பிப் பார்த்தேன். வந்துவிட்டது. சாதித்துவிட்ட மாதிரி எழுந்துபோய் டீ போட்டுக் குடித்தேன்.

அப்பா எழுத உட்கார்ந்தபோது என்னை வெளியே போகச் சொன்னார். கதவிடுக்கில் நின்று பார்த்தேன். தமிழ் விசைப்பலகையில் உயிர் எழுத்துகள் இடது பக்கம், மெய்யெழுத்துகள் பெரும்பாலும் வலது பக்கம். எங்களுக்கெல்லாம் அது இரண்டு கையும் பகிர்ந்துகொள்கிற வேலை. அப்பாவின் இடது கை மட்டும் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே இருந்தது. வலது கை மடியில் கிடந்தது. அம்மா ஒருமுறை உள்ளே எட்டிப் பார்த்து, "சாப்பிட்டுட்டு எழுதினா எழுத்து ஓடியா போயிடும்?" என்றாள். அப்பாவின் கை நிற்கவில்லை. வெயில் சாய்ந்த பிறகுதான் என்னைக் கூப்பிட்டார். முகம் வேர்த்திருந்தது. "மூணை அமுக்கிட்டேன்," என்றார்.

அதற்குப் பிறகு காலையில் பல் தேய்த்ததும் பெல், சாப்பிட்டதும் பெல், மருந்து விழுங்கியதும் பெல். ஒவ்வொரு முறையும் திரையின் அடியில் "புதிய மெயில் இல்லை" என்று வரும். அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "ஏங்க, அந்தப் பெட்டியையே முறைச்சிட்டிருந்தா பிள்ளை அதுக்குள்ளேருந்து குதிச்சு வருவானா?" என்பாள். சொல்லிவிட்டு, அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு கழிப்பறைக்குப் போனதும் அவளே போய் அந்த நீளப் பட்டனை ஒருதரம் அமுக்கிப் பார்ப்பாள். நான் பார்த்ததை அவள் பார்க்கவில்லை.

பதில் வந்தது. எனக்கு வந்தது. வேலையிடத்தில் மதியச் சாப்பாட்டுக்கு எழப் போகும் நேரம், என் திரையில் அண்ணனின் பெயர். திறந்தேன்.

"குட்டி, உன் மெயில் பார்த்தேன். அப்பா மாதிரியே எழுதியிருக்கே. தப்பு தப்பா டைப் அடிச்சதுகூட நல்லாத்தான் யோசிச்சிருக்கே. ஆனா அவரு ஜென்மத்துல இப்படி எழுத மாட்டாரு. வலது கையே வராத மனுஷன் இவ்வளவு நீளமா அடிச்சாராக்கும்? நீ சமாதானம் பண்ணப் பார்க்கிறேன்னு புரியுது. இனிமே இந்த மாதிரி பண்ணாதே. எனக்குக் கஷ்டமா இருக்கு."

கீழே அப்பா எழுதியது அப்படியே இருந்தது. எழுத்துகள் இடம் மாறி, புள்ளிகள் விட்டுப்போய், ஒரு வார்த்தைக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் சில இடங்களில் பெரிய பள்ளம். என்னை வெளியே அனுப்பிவிட்டு அவர் எழுதியதை நான் படித்துக்கொண்டிருந்தேன். "பிரேக் சரியா இருந்தது. நீ டெஸ்ட் பண்ணியிருக்கே. நான் கழட்டிப் பார்த்தேன். எல்லார் முன்னாடியும் சொன்னது தப்பு. எல்லார் முன்னாடியும் வந்து இதைச் சொல்லணும். நடக்க முடியலை. அதனால எழுதறேன். இது இடது கை."

அப்பாவின் கோப்பைத் திறந்து பார்த்தேன். மெயில் வாங்குகிற பக்கத்தில் அவருடைய கணக்கைப் போட்டிருந்தேன். அனுப்புகிற பக்கத்தை மாற்றவே இல்லை. அனுப்புநர் என்ற வரியில் என் பெயரும் என் முகவரியும் கல்லுமாதிரி உட்கார்ந்திருந்தன. சோதனை மெயில் வந்ததே என்றால், எனக்கு நானே அனுப்பிக்கொண்டது வராமல் எங்கே போகும்? கண்ணில் பட்டிருக்க வேண்டிய வரியையும் அவர் மிரளக் கூடாதென்று நானே மறைத்துத் தொலைத்தேன். ஊருக்கெல்லாம் கோப்பு திருத்துகிறவள் வீட்டுக் கோப்பில் கோட்டை விட்டேன். இத்தனை பாடுபட்டு எழுதியும் கடைசியில் அது என் லெட்டராகவே போயிருந்தது.

மாடிப்படிக்குப் போய் அண்ணனைக் கூப்பிட்டேன். நடந்ததைச் சொன்னேன். அவன் பொறுமையாகக் கேட்டான், அதுதான் பயமாக இருந்தது. "குட்டி, நீ எப்பவுமே நடுவில நின்னு, யாருக்கும் வலிக்காம பஞ்சு வைக்கிறவ. என் பிறந்தநாளுக்கு அப்பா வாழ்த்து சொல்லச் சொன்னாருன்னு போன வருஷம் சொன்னே. அம்மாகிட்ட கேட்டா, அவருக்கு அன்னிக்கு என்ன தேதின்னே தெரியாதுன்னாங்க."

"அது வேற, இது வேறண்ணா. இது சத்தியமா அவரே எழுதினது."

"அன்னிக்கும் சத்தியமாதான் சொன்னே."

அவன் சொன்னது நிஜம். "சரி, அவர் பேர்லயே வந்தா நம்புவியா?"

"வராது. அவர் அட்ரஸை அப்பவே தடுத்து வச்சிட்டேன். எது வந்தாலும் நேரா குப்பைக்குப் போயிடும்."

"அதை எடுத்துவிடேன்ணா."

அந்தப் பக்கம் இரும்பில் இரும்பு தட்டுகிற சத்தம் கேட்டது. எங்கேயோ ஒரு லிஃப்ட் குழியில் நின்று பேசிக்கொண்டிருந்தான். "வேலை இருக்கு," என்று வைத்துவிட்டான்.

பஸ்ஸில் வரும்போது யோசித்துக்கொண்டே வந்தேன். என் பேரில் போனால் படிப்பான், நம்ப மாட்டான். அப்பா பேரில் போனால் நம்புவான், ஆனால் அவன் கண்ணிலேயே படாது. அப்பா தட்டச்சு செய்வதை வீடியோ எடுத்து அனுப்பலாமா என்றுகூட நினைத்தேன். குரலையே காட்டாத மனுஷன் கோணிப்போன முகத்தைக் காட்டுவாரா? அப்பாவிடம் ஒன்றும் சொல்லாமல் "படிச்சேன், சரிப்பா" என்று அண்ணன் எழுதின மாதிரி ஒரு வரி போட்டுவிடலாம் என்றும் தோன்றியது. எனக்கு அது பத்து நிமிஷ வேலை. அப்படித் தோன்றியதே அண்ணன் சொன்னதற்குச் சாட்சி என்று வெட்கமாக இருந்தது. வீட்டுக்குள் நுழைந்தபோது அப்பா பெல்லை அமுக்கிவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். செருப்பைக் கழற்றியதும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஒன்றுகூட நேராக்கவில்லை.

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். நீளப் பட்டனிலிருந்து விரலை எடுத்தார். பிறகு, "படிச்சானா?" என்றார்.

"படிச்சான்பா. நான் எழுதினதுன்னு நினைக்கிறான்."

"உனக்கு அப்படி எழுத வராதே," என்றார். வாயின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது. அந்தச் சிரிப்பு போன பிறகு முகம் இன்னும் வயதாகிவிட்டது. "பேரை மாத்து."

"மாத்தினா குப்பைக்குப் போகும்பா. சொன்னேனே."

"உன் பேர்ல போனா அவன் பார்ப்பான். ஆனா மன்னிப்பு கேட்டது யாரு? நீயா? நீ என்ன தப்பு பண்ணினே?"

அம்மா சமையலறை வாசலில் வந்து நின்றாள். கையில் கரண்டி. "அவன்தான் வேண்டாங்கறானே. அதையே பிடிச்சிட்டுத் தொங்கணுமா? உடம்பைப் பாருங்க முதல்ல," என்றாள். அப்பா அவளைப் பார்க்காமல் என்னைக் கேட்டார். "குப்பைக்குப் போனா உடனே அழிஞ்சிடுமா?"

"இல்லப்பா. முப்பது நாள் அங்கேயே கிடக்கும். அதுக்கப்புறம் தானா அழிஞ்சிடும்."

"முப்பது நாள்." நிமிர்ந்து உட்கார்ந்தார். உட்கார முடியாமல் சரிந்த தோளை நான் பிடிக்கப் போனேன். வேண்டாம் என்று தலையாட்டினார். "அப்போ மாசம் ஒரு சர்வீஸ்."

எனக்கு முதலில் புரியவில்லை. ஒவ்வொரு மெஷின் ரூம் சுவரிலும் ஓர் அட்டை தொங்கும். மாதம் தவறாமல் போய், பார்த்து, எண்ணெய் விட்டு, அதில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவார். லிஃப்ட் நன்றாக ஓடினாலும் போவார். யாரும் ஏறாத கட்டடத்துக்கும் போவார். சின்ன வயதில் நானும் அண்ணனும் அவரோடு மாடி ஏறிப் போய் அந்த அட்டையில் அவர் கையெழுத்தை எண்ணியிருக்கிறோம்.

"என்னிக்காவது ஒருநாள் திறப்பான்," என்றார். "வேற எதையோ தேடிட்டாவது திறப்பான். எந்த நாள் திறந்தாலும் உள்ளே ஒண்ணு இருக்கணும்."

"அப்போ நான் மாசா மாசம் தானாவே போற மாதிரி வச்சிடறேன்பா. எழுதினதுதான் இருக்கே. நீங்க கஷ்டப்பட வேண்டாம்." என் தொழில்புத்தி அப்படித்தான் போகும்.

அப்பா என்னைப் பார்த்தார். "வேலை செய்யாம கார்டுல கையெழுத்துப் போட்டு எனக்குப் பழக்கமில்லை."

கோப்பைத் திறந்தேன். என் பெயரை எழுத்தெழுத்தாக அழித்து அவர் பெயரை அடித்தேன். மறைத்துவைத்திருந்த அனுப்புநர் வரியை மறுபடி திரைக்கு மேலே கொண்டுவந்து வைத்தேன். இந்த முறை அவர் மிரளவில்லை. தன் பெயரை மஞ்சள் எழுத்தில் பார்த்துக்கொண்டிருந்தார். பழைய மெயிலைத் திறந்து வைக்கட்டுமா, பார்த்து அடிக்கலாமே என்றேன். வேண்டாம் என்றார். போகச் சொல்வார் என்று எழுந்தேன். சொல்லவில்லை. அம்மா கரண்டியோடே வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அப்பா இரண்டை அமுக்கினார். அவர் பெயருக்குக் கீழே வெற்றிடம் திறந்தது. மடியில் கிடந்த வலது கையை அம்மா எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். இடது கை கீபோர்டின் மேல் எழுந்து, கொஞ்சம் ஆடி, தேடி, ஓர் எழுத்தைக் கண்டுபிடித்தது. பிறகு அடுத்ததற்காக வலது கோடிக்கு நகர ஆரம்பித்தது.